இருமல் பார்க்கும் தொட்டி

முட்டாள்தனத்தில் நான் அரைகுறை ஆள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி படித்த பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் சங்கடம். சுருளிப்பட்டியில் எங்கள் திராட்சைப் பந்தலின் ஓரத்தில், தரைக்குள் இறக்கி ஒரு தொட்டி கட்டினேன். உள்ளே நின்று கையைத் தூக்கினால் மேல்தளம் தட்டும், அவ்வளவு ஆழம். நாலு சுவரிலும் கை வழுக்குகிற மாதிரி இழைத்த சிமெண்டுப் பூச்சு. மேலே ஒரு ஆள் இறங்கும் அளவுக்கு வாய், அதற்கு இரும்பு மூடி. எல்லாம் முடிந்த பிறகு கம்பத்துக்குப் போய் நல்ல கனமான பூட்டாகப் பார்த்து வாங்கிவந்து அந்த மூடிக்குப் போட்டேன். உள்ளே இருக்கிற தண்ணீரை யாரும் மொண்டுவிடக் கூடாது என்பதற்காக இல்லை. உள்ளே தண்ணீர் போய்விடக் கூடாது என்பதற்காக.

இதில் குடும்பத்தின் தப்பு எதுவும் இல்லை. "தொட்டி ஒண்ணு கட்டலாம்னு இருக்கேன்" என்று நான் சொன்ன அன்று வீட்டில் பாயசம் வைத்தார்கள். தோட்டத்தைப் பார்த்துக்கொள்வது என் தம்பி. மோட்டார் ஓடத் தேவையான த்ரீ பேஸ் கரண்ட் தனக்கு இஷ்டப்பட்ட நேரத்தில் வந்து இஷ்டப்பட்ட நேரத்தில் போகிற சாமான். அது வருகிறபோது தண்ணீரை இறைத்துத் தேக்கிவைக்க ஒரு தொட்டி இருந்தால், கிளை நறுக்கிக் கவாத்து முடிந்த கொடிக்குச் சொட்டுக்குழாயில் நிதானமாக விடலாம் என்று அவன் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். "மெட்ராஸ்ல இருந்து வந்ததுக்கு அண்ணன் மொதத் தடவையா குடும்பத்துக்கு ஆகுற மாதிரி ஒண்ணு பேசியிருக்காக" என்று என் மனைவியிடம் சந்தோஷப்பட்டிருக்கிறான். தொட்டி என்றேன், அவ்வளவுதான். தண்ணீருக்கா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் அப்படி ஒரு கேள்வி யாருக்கும் வாயில் வராது. நானும் சொல்லவில்லை, ஏனென்றால் என் மண்டைக்குள் இருந்த தொட்டிக்கும் தண்ணீருக்கும் சம்பந்தம் அறுந்து பல வருஷம் ஆகியிருந்தது.

அந்தத் தொட்டி சென்னையில், கோடம்பாக்கத்துக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் இருந்தது. அதன் மேலே இருந்த பாட்டு ஒலிப்பதிவுக்கூடத்தில்தான் என் வாலிபம் கழிந்தது. முதலில் அது யாரோ ஒரு டாக்டரின் பங்களா. முதலாளி வாங்கி நடுச்சுவர்களை இடித்துக் கூடமாக்கினார். சுவரில் தென்னைநார் மெத்தையும் சாக்குத் துணியும் அடித்து, வெளியே போகிற ரிக்‌ஷா மணியைக்கூட உள்ளே விடாமல் அடைத்தார். வயலின்காரர்கள் வரிசையாக உட்கார்ந்தால் வில்லோடு வில் இடிக்கும். அடைத்ததில் ஒரு கெடுதல் வந்தது. உள்ளே பாடிய குரலெல்லாம் வெயிலில் போட்டு எடுத்த துணி மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. வெளிநாட்டுக் கூடங்களில் எதிரொலிக்கென்றே தனி அறை வைத்திருப்பார்களாம். முதலாளி அதற்கு ஓர் அறையை ஒதுக்க மாட்டேன் என்றார். இருந்த அறைகளையெல்லாம் வாடகைக்கு விட்டாயிற்று.

இந்த இடத்தில்தான் எங்கள் இன்ஜினியர் வருகிறார். அவர் எந்த இன்ஜினியரிங்கும் படித்தவரில்லை. இயந்திரத்தில் 'ங்ங்' என்று ஓர் இரைச்சல் வருகிறது, பார் என்று கூப்பிட்டுவிடப்பட்ட எலக்ட்ரீஷியன். இரைச்சலை நிறுத்திவிட்டு அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு மாதத்தில் எல்லாரும் தன்னை இன்ஜினியர் சார் என்று கூப்பிடும்படியும் பண்ணிக்கொண்டார். அடக்கம் என்கிற சரக்கு அவரிடம் கிடையாது. பஸ்ஸில் ஏறினால் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார். காதுவலியா என்று யாராவது கேட்டால், "இது என் சொத்து, ஹாரன் அடிச்சுக் கெடுத்துப்புடுவான்" என்பார். ஊர் எங்கள் பள்ளத்தாக்கிலேயே இருக்கிற லோயர் கேம்ப். அப்பாவுக்கு மின்நிலையத்தில் வேலை. மலையிலிருந்து இறங்கும் தண்ணீர்க் குழாய்க்காகக் கொண்டுவந்து போட்டு மிஞ்சிய ராட்சத இரும்புத் துண்டுகளுக்குள் தலையை விட்டுக் கூப்பிட்டு, தன் குரல் திரும்பி வருகிறதா என்று பார்ப்பதுதான் அவருடைய சின்ன வயது விளையாட்டு. அந்தப் பழக்கத்தில், கூடத்தின் பின்கட்டில் டாக்டர் கட்டிவிட்டுப் போயிருந்த நிலத்தடித் தொட்டியின் மூடியைத் திறந்து உள்ளே இருமிப் பார்த்திருக்கிறார். கார்ப்பரேஷன் தண்ணீர் வருவது நின்று வெகுகாலமாகக் காய்ந்து கிடந்த தொட்டி அது. இருமலைக் கேட்டவர் அன்று சாப்பிடவில்லை என்று அவரே பெருமையாகச் சொல்வார்.

பிறகு அந்தக் கூடத்துப் பாட்டெல்லாம் அந்தத் தொட்டிக்குள் ஒருமுறை போய்த்தான் உலகத்துக்கு வந்தது. பாடுகிறவர் கூடத்தில் பாடுவார். அந்தக் குரல் கம்பி வழியாகத் தொட்டிக்குள் இருக்கும் ஸ்பீக்கருக்குப் போகும். மறுகோடியில் ஒரு மைக் தொங்கும். சுவர்களில் மோதி, உருண்டு, சற்றுத் தாமதமாக வந்து சேரும் குரலை அந்த மைக் பிடித்து எங்களுக்குத் திருப்பி அனுப்பும். காய்ந்த குரலில் இதைக் கொஞ்சம் கலந்தால், பாடுகிறவர் கோயில் மண்டபத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். கூடக் கலந்தால் மலையுச்சிக்குப் போய்விடுவார். இன்ஜினியர் இதற்கு 'ஈரம் காட்டுறது' என்று பெயர் வைத்திருந்தார். சொட்டுத் தண்ணீர் இல்லாத தொட்டியிலிருந்து ஈரம் இறைத்த மனிதர்.

காலையில் முதல் வேலை இருமல் பார்ப்பது. ஏணி வைத்து அவரே இறங்குவார், மூடியைச் சாத்தச் சொல்வார், ஒரே ஒரு இருமல். சுவரில் ஈரப்பதம் ஏறியிருந்தால் இருமலில் தெரிந்துவிடுமாம். மேலே வந்து, சரியாக இருந்தால், "அடுத்தது" என்பார். இந்த 'அடுத்தது' அவருடைய பெரிய அகராதி. மற்ற கூடங்களில் ஒரு டேக் நன்றாக வந்தால் ஓகே என்பார்கள். இவர் வாயில் ஓகே வந்ததை நான் கேட்டதில்லை. நன்றாக இருந்தால் 'அடுத்தது', இல்லையென்றால் 'மறுபடி'. புதிதாக வந்த பாடகர் ஒருவர் உருகி உருகிப் பாடி முடித்தபோது இவர் "அடுத்தது" என்றதும், தன்னை அனுப்பிவிட்டு அடுத்த பாடகரைக் கூப்பிடுகிறார் என்று நினைத்து, பையை எடுத்துக்கொண்டு கண்ணீரோடு வாசல்வரை போய்விட்டார். பிடித்து இழுத்துவந்து உட்கார வைத்தோம்.

நான் டேப் இயந்திரத்தின் பக்கத்தில். ஓட்டு என்றால் ஓட்டுவேன், நிறுத்து என்றால் நிறுத்துவேன். சும்மா இருப்பதே தொழிலான அந்த இடத்துக்கு, சும்மா இருக்கவே வராத ஒருத்தனை எப்படி எடுத்தார்கள் என்பது இன்றுவரை எனக்கும் புதிர். ஒரே பள்ளத்தாக்குக்காரன் என்கிற பாசமாக இருக்கலாம். என் வலது முழங்கால் தானாக ஆடும். நாற்காலி கிறீச்சிடும். அதனால் என்னை ஜமுக்காளத்தை மடித்துப் போட்டுத் தரையில் உட்கார வைத்தார். அங்கேயும் ஆடியது. "ஏலே, உன் காலு கிட்ட எவன்லே தாளம் கேட்டான்" என்பார். பாடகர், வயலின்காரர், ஒருநாள் ஏலக்காய் போட்டு டீ கொண்டுவந்த கடைக்காரர் வரைக்கும் எல்லாருக்கும் அவரிடமிருந்து ஓர் 'அடுத்தது' கிடைத்திருக்கிறது. எனக்கு மட்டும் கிடைத்ததில்லை. நான் சரியாகச் செய்தால் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். அந்த ஒன்றும் சொல்லாததை நான் பல வருஷம் சம்பளம் மாதிரி வாங்கிக்கொண்டேன்.

அவருடைய மனைவியை நான் அக்கா என்பேன். இதே சுருளிப்பட்டிப் பெண். அருவிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவரைக் கொண்டுபோய், கூடத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், குழாயைத் திறந்தால் காற்று வருகிற வீட்டில் குடிவைத்திருந்தார் இன்ஜினியர். லாரித் தண்ணீர்தான். லாரி வரும் சத்தம் கேட்டால் தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும். ஆனால் தினம் சாயங்காலம் வீட்டுக்குப் போய் இவர், "இன்னிக்குத் தொட்டி அருமையா இருந்துச்சு" என்று சொல்லியிருக்கிறார். சில நாள், "இன்னிக்குத் தொட்டி கொஞ்சம் கம்மிதான்" என்றும் சொல்லியிருக்கிறார். தொட்டி அருமையாக இருந்தது என்றால் ஒரு சுருளிப்பட்டிப் பெண் என்ன நினைப்பார்? லாரி இரண்டு நாளாக வராத ஒரு கோடையில், கல்யாணச் சீராகக் கொண்டுவந்த பித்தளைக் குடத்தையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு பின்கட்டு வழியாக வந்து, மூடியைத் திறந்து, குடத்தை உள்ளே இறக்கிவிட்டார்.

கூடத்தில் அப்போது கடைசிச் சரணம். வயலின்கள் எல்லாம் அடங்கி, பாடகி ஒற்றைக் குரலில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தார். அந்த அமைதிக்குள் விழுந்தது பாருங்கள், ஒரு 'டங்'. கோயில் மணி தலையில் விழுந்த மாதிரி, அதுவும் எதிரொலியோடு. குடம் உருண்டது. ஒவ்வொரு உருளலுக்கும் ஒரு நிழல் உருளல். இன்ஜினியர் எழுந்து பின்கட்டுக்கு ஓடினார். நிறுத்து என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை, ஆகவே டேப் ஓடிக்கொண்டே இருந்தது. தொட்டிக்குள் மைக்கும் உயிரோடு இருந்தது. திறந்த வாய்க்கு மேலே குனிந்தபடி அவர்கள் பேசியது முழுவதும் எங்கள் ஸ்பீக்கரில் வந்தது.

"என்னங்க இது, காஞ்சு கெடக்கு?"

"ஏய், மெல்லப் பேசு. உள்ள மைக் இருக்கு."

"தொட்டிக்குள்ள எதுக்கு மைக்? தண்ணியெங்க?"

"இது தண்ணிக்கு இல்ல. சத்தத்துக்கு."

காலிக் குடம் சுவரில் இடித்துக்கொண்டே மேலே ஏறியது. பிறகு அக்காவின் குரல் வந்தது. "ஊரே கொடத்தத் தூக்கிக்கிட்டு லாரிக்குப் பின்னாடி ஓடுது. நீங்க இருமுறதுக்கு ஒரு தொட்டி வச்சிருக்கீகளா?" இந்த 'வச்சிருக்கீகளா' சுவரில் பட்டு, 'ருக்கீகளா, கீகளா, களா' என்று தேய்ந்து போனது. வயலின்காரர்கள் வில்லைக் கீழே வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தார்கள். இசையமைப்பாளர் கண்ணை மூடிக்கொண்டு, "அந்தம்மா குரலுக்கு ஈரம் நல்லா ஒட்டுது" என்றார். கடைசியாக அக்கா சொன்னது எனக்கு வரிவரியாக நினைவிருக்கிறது. "இதுல என்னைக்குத் தண்ணி விடுறீகளோ, அன்னைக்குத்தான் இது பக்கத்துல காலு வைப்பேன்." மூடி விழுந்தது. இன்ஜினியர் திரும்பி வந்து உட்கார்ந்து, ஒருவர் முகத்தையும் பார்க்காமல், "மறுபடி" என்றார். என் முழங்கால் ஆடியது. அன்றைக்கு அவர் அதைக் கண்டிக்கவில்லை.

அக்கா சொன்னபடியே செய்தார். ஆயுதபூஜைக்கு எல்லார் வீட்டுப் பெண்களும் கூடத்துக்கு வருவார்கள். அக்கா மட்டும் சுண்டல் தூக்குவாளியை வாசலில் என்னிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போவார். காலையில் நான் வேலைக்கு வருகிறபோது பல நாள் பார்த்த காட்சி இது: லாரி வரிசையில் குடத்தோடு அக்கா நிற்பார். காதில் பஞ்சோடு அவரைக் கடந்து, இன்ஜினியர் தொட்டிக்கு இருமப் போவார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். சிரிக்கிற விஷயம் என்றுதான் நான் இதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். சொல்லும்போது எல்லாரும் சிரிப்பார்கள். வீட்டுக்கு வந்து படுத்தால் எனக்கு மட்டும் புரண்டு புரண்டு படுக்க வேண்டியிருக்கும்.

கடைசியில் தொட்டியைத் தோற்கடித்தது ஒரு பெட்டி. டிபன் பாக்ஸ் அளவுதான், சிங்கப்பூரிலிருந்து வந்தது. ஒரு பொத்தானை அமுக்கினால் மண்டபம், இன்னொன்றை அமுக்கினால் மலை. முதலாளி அந்த வாரமே தொட்டியிலிருந்து மைக்கை எடுக்கச் சொல்லி, லாரியைக் கூப்பிட்டுத் தண்ணீரை நிரப்பிவிட்டார். தண்ணீர் விழும் சத்தத்தை இன்ஜினியர் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார். மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் வீட்டைக் காலி செய்துகொண்டு லோயர் கேம்புக்குப் போய்விட்டார்கள் என்று தெரிந்தது. ஆக, தொட்டியில் தண்ணீர் வந்தும் அக்கா அங்கே காலை வைக்கவில்லை. வைப்பதற்கு அங்கே அவருடைய ஆள் இல்லை.

டேப் போய் கம்ப்யூட்டர் வந்த பிறகு எனக்கும் வேலையில்லை. கம்பத்துக்கு வந்து, ஒரு மாடியறையில் சொந்தமாக ஒலிப்பதிவுக்கூடம் வைத்தேன். கூடம் என்பது நான் சொல்கிற பெயர். வீரபாண்டித் திருவிழாவுக்கு அம்மன் பாட்டு, ஜவுளிக்கடைத் திறப்புவிழா, ஆட்டோவில் கட்டிக்கொண்டு போகிற பன்னீர் திராட்சை விளம்பரம், கண்ணீர் அஞ்சலி, இவைதான் நம் படைப்புகள். எதிரொலி வேண்டுமென்றால் கம்ப்யூட்டரே தருகிறது, குகை வேண்டுமா, தேவாலயம் வேண்டுமா என்று கேட்டுத் தருகிறது. ஒரு குறையும் இல்லை. அப்படியே இருந்திருக்கலாம்.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை போனேன். கால் சும்மா இருக்காமல் அந்தத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனது. கூடம் இல்லை. அடுக்குமாடி நிற்கிறது. வாட்ச்மேனிடம் கதையளந்து பின்பக்கம் போனால், அதே இரும்பு மூடி. பழைய தொட்டி பாறை மாதிரி இருந்ததாம், அதை மட்டும் இடிக்காமல் வைத்துக்கொண்டார்களாம். அவரைக் கெஞ்சி மூடியைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தேன். வாய்வரைக்கும் தண்ணீர். என் முகம் தெரிந்தது. இருமினேன். ஒன்றும் திரும்பி வரவில்லை. "தண்ணிக்குள்ள இருமாதீங்க சார், குடிக்கிற தண்ணி" என்றார் வாட்ச்மேன்.

அன்று பஸ்ஸில் உட்காரவே முடியவில்லை. பக்கத்து ஆள், ஜன்னல் சீட் வேணுமா அண்ணே என்று இரண்டு தடவை கேட்டார். எனக்கு எந்தச் சீட்டும் வேண்டியிருக்கவில்லை. ஒரு 'அடுத்தது' வேண்டியிருந்தது. எத்தனையோ பாட்டு அந்தத் தொட்டிக்குள் போய் வந்ததைக் கேட்டவன் நான். அதன் நீள அகலம் என் உடம்புக்கே தெரியும். அதே மாதிரி ஒன்றைக் கட்டி, இன்ஜினியரை இறக்கி இரும வைத்து, அவர் வாயால் அந்த ஒரு வார்த்தையை வாங்கிவிட்டால் என் முழங்கால் அடங்கிவிடும் என்று தேனி தாண்டுவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

கட்டி முடித்துப் பூட்டைப் போட்டதும்தான் வீட்டில் விஷயம் உடைந்தது. தம்பி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. என் மனைவி பேசினாள். "ஊரு ஒலகத்துல தொட்டிக்குத் தண்ணி தேடுவாக. நீங்க தொட்டிக்கு இருமல் தேடுறீக" என்றாள். அக்காவின் வசனம் இத்தனை வருஷம் கழித்து அதே பள்ளத்தாக்கிலிருந்து திரும்பி வந்ததைக் கேட்டு நான் அசந்துபோனேன். எதிரொலி என்றால் இதுதான். கவாத்து வெட்டிய நேரம் வேறு. கொடி தண்ணீர் கேட்டது, கரண்ட் ஆட்டம் காட்டியது. ஒருநாள் நான் உள்ளே இறங்கி ஓசை பார்த்துக்கொண்டிருந்தபோது மச்சினன் வந்து, பாவம் மாமாவுக்கு உதவுவோம் என்று, உள்ளே எட்டிப் பார்க்காமலே குழாயைத் தொட்டி வாயில் சொருகி மோட்டாரைப் போட்டுவிட்டான். ஏணிப் பக்கமே தண்ணீர் கொட்டியது. நான் கத்தினேன். எதிரொலி பிரமாதமாக இருந்தது, அதனால் இன்னொரு தடவை கத்திப் பார்த்தேன். வெளியே மச்சினனும் தம்பியும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். நான் உள்ளே சத்தம் போடும்போது குறுக்கே பேசக்கூடாது என்று நானே எல்லாரிடமும் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தேன். இடுப்பளவு வந்த பிறகுதான், "அண்ணன் இன்னிக்கு ரொம்ப உருக்கமா பாடுறாக" என்று தம்பிக்கு லேசாகச் சந்தேகம் வந்திருக்கிறது.

ஈர வேட்டியோடு நான் மேலே வந்ததும் மனைவி பஞ்சாயத்தை முடித்தாள். "அந்த இன்ஜினியர் அண்ணனக் கூட்டியாங்க. அவுக பார்த்து என்ன சொல்றாகளோ அதுதான். சரின்னு சொன்னா, தண்ணிப் பேச்ச நாங்க எடுக்கல." தம்பியும் தலையாட்டினான். இறைத்து, துடைத்து, காய வைத்தேன். கொடி வாடிக்கொண்டிருந்தது. நான் தொட்டியைக் காய வைத்துக்கொண்டிருந்தேன்.

வந்தார்கள், இரண்டு பேரும். லோயர் கேம்பிலிருந்து பஸ்ஸில், அவர் காதில் பஞ்சோடு. உடம்பு வற்றியிருந்ததே தவிர மிடுக்கு வற்றவில்லை. பிறந்த ஊர் என்பதால் அக்கா வழியெல்லாம் ஆள் ஆளாக நின்று விசாரித்துவிட்டு மெதுவாக வந்து, பந்தல் நிழலில் கட்டிலில் உட்கார்ந்தார். என் மனைவி செம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

"தம்பி, தொட்டி கட்டியிருக்கியாம்ல" என்றார் அக்கா. "தண்ணி இருக்கா?"

"இல்லக்கா."

"அப்ப நான் இங்கனயே இருக்கேன்."

இன்ஜினியர் பஞ்சை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கினார். மூடியைச் சாத்து என்று கையைக் காட்டினார். சாத்தினேன். தம்பி ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், நடுவில் நானும் என் முழங்காலும். உள்ளே ஓர் இருமல். இரும்பைத் துளைத்துக்கொண்டு, பின்னால் தன் நிழலை இழுத்துக்கொண்டு மேலே வந்தது. அதே இருமல். அதோடு அவர் ஏறி வந்திருக்க வேண்டும், ஆனால் வரவில்லை. இன்னொரு தரம் இருமினார். அவர் இரண்டு முறை இருமி நான் கேட்டதே இல்லை. பிறகு உள்ளிருந்து, பெரிய குழாய்க்குள் தலையை விட்டுக் கூப்பிடுகிற மாதிரி, "ஏ, இங்கன வந்து ஒருவாட்டி கேட்டுட்டுத்தான் போயேன்" என்றார். அந்தக் குரலுக்கு ஈரம் நன்றாக ஒட்டியது.

அக்கா கட்டிலைவிட்டு எழவில்லை. செம்பில் மிச்சமிருந்த தண்ணீரைக் கொடி வேரில் ஊற்றிவிட்டு, செம்பை மடியில் வைத்துக்கொண்டார்.

மூடி தட்டப்பட்டது. திறந்தேன். கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன். அவர் வேட்டியைத் தட்டிக்கொண்டார், முகத்தைத் துண்டால் துடைத்தார், கொஞ்சம் அதிக நேரமாகவே துடைத்தார். பிறகு பந்தல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"எப்படி சார் இருக்கு?" என்றேன்.

"அடுத்தது, தண்ணி."